உடுப்பு ஏன் சரிவருகுதில்லை: குறையை வைத்துக் காரணம் பிடிப்பது

மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் தையல் மெசின் போட்டு இருபது வருடத்துக்கு மேல். உடுப்போடு வருகிறவர்கள் முதலில் சொல்வது உடுப்பைப் பற்றியல்ல. “அக்கா, எனக்கு இடுப்புப் பெரிசு”, “எனக்கு வயிறு”, “நான் கட்டை” என்றுதான் தொடங்குவார்கள். வைத்தியரிடம் போய் நோவைச் சொல்லாமல் சாதகத்தைச் சொன்ன மாதிரி. எனக்கு வேண்டியது நோ. எங்கே இழுக்கிறது, எங்கே தொங்குகிறது, நிற்கும்போதா, கதிரையில் இருக்கும்போதா, ஸ்கூட்டியில் ஏறும்போதா? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கீழே இருப்பதும் அந்த ஒழுங்கில்தான். உங்கள் குறை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். முதல் பகுதியை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

முதலில் பத்து நிமிடம்

உடுப்பை, அதோடு போடப்போகிற உள்ளாடையுடனேயே போட்டுப் பாருங்கள். பிரா மாறினால் மார்பின் உயரம் மாறும். அது மாறினால், உடம்பின் வளைவுக்காகத் தையல்காரி துணியில் பிடித்த கூர்மடிப்பு, அதாவது டாட், எல்லாம் இடம் தவறிப்போகும். அறைக்குள் லைட்டில் நிற்காமல் வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். யாரையாவது கூப்பிட்டு முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று படம் எடுக்கச் சொல்லுங்கள். போனை இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். முகத்துக்கு நேரே பிடித்தால் கால் கட்டையாக விழும், பிறகு இல்லாத வருத்தத்துக்கு மருந்து தேடுவீர்கள். அப்புறம் இரண்டு கையையும் தூக்குங்கள். கதிரையில் இருங்கள். குனிந்து செருப்பை எடுங்கள்.

இப்போது துணியில் விழும் கோடுகளைப் பாருங்கள். தையலில் நாடி பிடிப்பது என்றால் இதுதான்.

குறுக்காக, விறைப்பாக ஓடும் கோடு: அந்த இடத்தில் சுற்றளவு போதாது.
குறுக்காகவே, ஆனால் தளர்ந்து மடிந்து கிடந்தால்: நீளம் கூடிப்போச்சு.
நெடுக்காகத் தொங்கும் மடிப்பு: அகலம் கூட.
சரிவாக ஓடும் கோடு: ஆள் காட்டிக் கொடுக்கிற கோடு. அது எங்கே போய் முடிகிறதோ அங்கேதான் துணி போதவில்லை.

ஒரு கோடும் இல்லை, ஆனாலும் பார்க்க நல்லாயில்லை என்றால் அளவில் பிழை இல்லை. உடுப்பு முடிகிற இடம், வெட்டு, துணியின் தன்மை, இந்த மூன்றில் ஒன்று.

இன்னொரு சின்ன வேலை. சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். தோளின் இரண்டு முனையையும், இடுப்புக்குக் கீழே மிக அகலமான இரண்டு பக்கத்தையும் சோக்கால் புள்ளி போடச் சொல்லுங்கள். விலகி வந்து பார்த்தால் மேலே அகலமா, கீழே அகலமா, இரண்டும் ஒன்றா என்று தெரியும். உடம்பு வாகு என்று நான் பார்ப்பது அவ்வளவுதான். ஆப்பிள், பேரிக்காய் என்று பழக்கடை போட்டுப் பெயர் வைப்பார்கள். என் விறாந்தைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் எந்தப் பழத்திலும் அடங்கவில்லை.

“என் சைஸ்தான் எடுத்தேன், தோள் விழுகிறது”

லேபலில் இருக்கும் எண்ணை நம்பியதுதான் காரணம். 12 என்று போட்டிருந்தால் அது பிரிட்டிஷ் 12ஆ அமெரிக்க 12ஆ என்று பாருங்கள். பிரிட்டிஷ் 12 ஏறத்தாழ அமெரிக்க 8. நம்மூர்க் கடைகளில் இந்தியக் குர்தாவும், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய கார்மென்ட் உடுப்பும் ஒரே கொடியில் தொங்குகின்றன. ஒன்றின் எண்ணுக்கும் மற்றதன் எண்ணுக்கும் உறவே கிடையாது.

இந்த எண்களின் கதையும் ஒரு கூத்து. 1939, 1940 ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 இடத்தில் அளந்தது. கணக்கில் எடுத்தது வெள்ளையினப் பெண்களை மட்டும். அந்த அளவுகளை வைத்து 1958இல் அங்கே ஒரு சைஸ் தரம் வந்தது. அவர்களுக்கே அது சரிவராமல் 1983இல் கைவிட்டார்கள். அங்கேயே நிலைக்காத எண், கல்லாற்றுப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று அந்தப் பிள்ளை ஏன் அழ வேண்டும்?

ரெடிமேட் உடுப்பில் மார்பு ஒரு சைஸ் கூடும்போது தோளும் சேர்ந்து கூடும். ஆட்களுக்கு அப்படிக் கூடுவதில்லை. பிள்ளை பெற்றபின் மார்பும் வயிறும் கூடும், தோள் எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் வாங்கும்போது தோளைப் பாருங்கள். தோள் தையல், கை தொடங்கும் எலும்பின் மேலே வந்து நிற்க வேண்டும். பக்கத்தைப் பிடிப்பது பதினைந்து நிமிட வேலை. தோளைத் திருத்த கையைக் கழற்ற வேண்டும், சிலவேளை கழுத்தையும் பிரிக்க வேண்டும்.

தோளுக்கும் மார்புக்கும் சண்டை வந்தால் மட்டும் மார்புக்கு வாங்குங்கள். கூடியதை வெட்டலாம், இல்லாத துணியை எங்கே போய் எடுப்பது? வாங்குமுன் உடுப்பை உள்பக்கம் திருப்பி, பக்கத் தையலில் எவ்வளவு துணி உள்ளே விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஓர் அங்குலம் இருந்தால் நிம்மதி.

“கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுக்க மேலே வருகிறது”

என்னிடம் அதிகம் வரும் முறைப்பாடு இது. முக்கால்வாசி ரீச்சர்மார். காலையில் சாறியை உடுத்துக் கண்ணாடியில் பார்த்தால் குறையே இல்லை. வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கியதும் பிளவுஸ் ஏறி முதுகு தெரிகிறது. மறுகா பாடம் முழுக்க ஒரு கையால் எழுதி மறு கையால் இழுத்துவிடுகிற பாடு.

வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றுதான் கேட்பார்கள்: “கமக்கட்டு இறுக்கம், இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டுங்க அக்கா.” நான் தொழில் தொடங்கிய புதிதில் கேட்டபடியே இறக்கி வெட்டிக் கொடுத்தேன். போன பிளவுஸ் எல்லாம் திரும்பி வந்தது. முன்னையிலும் மோசம்.

ஏன் என்று வீட்டில் செய்து பார்க்கலாம். கையின் அடித்தையலும் உடம்பின் பக்கத் தையலும் சந்திக்கும் புள்ளி கமக்கட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை தனியாக ஆடும். அந்தப் புள்ளி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது துணி பக்கத்தைப் பிடித்து இழுக்கும். வௌவால் இறக்கை மாதிரி. ஆக இறுக்கமாகத் தெரிவதற்குக் காரணம் கைக்குழி மிக ஆழமாக இருப்பது. சாறி பிளவுசுக்கு அது கமக்கட்டுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்குள் முடிவது நல்லது.

புதிதாகத் தைக்கும்போது: கைக்குழியை மேலேயே நிறுத்தச் சொல்லுங்கள். இறுக்கம் கைச் சதையில் இருந்தால் கையின் அகலத்தை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். கையின் மேல் வளைவு மிக உயரமாக இருந்தால் கையைத் தொங்கப்போட்டு நிற்க அழகாயிருக்கும், தூக்க விடாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வளைவைத் தாழ்த்தி, கையை அகலமாக வெட்ட வேண்டும். கை இறங்கியிருக்கும்போது ஒரு சின்ன மடிப்பு விழும். அந்த மடிப்பைக் குறை என்று நினைக்காதீர்கள். கையைத் தூக்கும்போது விரிவதற்கு வைத்திருக்கிற துணி அது.

ஏற்கெனவே தைத்ததற்கு: கமக்கட்டில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைக்கலாம். மிச்சத் துணி தேவை. அதனால்தான் வெட்டி மிஞ்சிய துணியைக் கேட்டு வாங்கிப் போங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். ஒருத்தரும் கேட்பதில்லை.

“குர்தாவின் முன்பக்கம் மேலே ஏறி நிற்கிறது”

பக்கத்திலிருந்து எடுத்த படத்தைப் பாருங்கள். முன் ஓரம் ஏறி, பின் ஓரம் இறங்கி, பக்கத் தையல் முன்னால் சாய்ந்து ஓடினால் மார்புக்கு வேண்டிய நீளம் முன்துண்டில் இல்லை. துணி மேடு ஏறி இறங்க வேண்டும், அதற்கு வழி கூடத்தானே? மார்பை நோக்கிச் சரிந்த கோடுகளும் கமக்கட்டுப் பக்கத்திலிருந்து வரும்.

சுற்றளவைக் கூட்டுவதால் இது தீராது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோள் விழும், முன்பக்கம் இன்னும் ஏறியே நிற்கும். முன்துண்டை ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் நீளமாக வெட்டி, அந்தக் கூடுதல் நீளத்தைப் பக்க டாட்டில் பிடிக்க வேண்டும். டாட்டின் நுனி மார்பின் உச்சிக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிற்க வேண்டும். உச்சி வரை கொண்டுபோனால் கூம்பாகக் குத்திக்கொண்டு நிற்கும், பெண்பிள்ளைகள் கூனிக்கொண்டு நடப்பார்கள். பெரிய மார்புக்கு, தோளிலிருந்து கீழே வரை தையல் ஓடும் பிரின்சஸ் வெட்டு இன்னும் நல்லது.

கடையில் வாங்கியதற்கு மருந்து பாதிதான்: முன் ஓரத்தில் மடித்த துணியை அவிழ்த்துவிட்டு, பின் ஓரத்தைக் கொஞ்சம் ஏற்றி மடியுங்கள். மட்டமாகத் தெரியும்.

“பக்கத் திறப்பு ஆவென்று விரிகிறது”

சல்வார் குர்தாவின் பக்கத் திறப்பு, நிற்கும்போது இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நேரே தொங்க வேண்டும். விரிந்தால் இடுப்புச் சுற்றளவு போதவில்லை, அல்லது திறப்பு மிகத் தாழத் தொடங்குகிறது. சோக்குப் புள்ளியில் கீழ்ப்பக்கம் அகலமாக வந்தவர்களுக்கு இது சொந்தக் குறை.

திறப்பு, மிக அகலமான இடத்துக்குச் சற்று மேலேயே தொடங்கினால் துணி விலகி வழிவிடும். கீழே தொடங்கினால் அந்த அகலத்தைத் தையல் இறுக்கிப் பிடித்துவிடும், அடியில் விரியும். தையலை இரண்டு அங்குலம் மேலே பிரித்து ஓரத்தைத் திருப்பித் தைத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். மேலே பிரித்தால் வயிற்றுப் பக்கம் தெரியும் என்ற கவலை இருந்தால், திறப்பே இல்லாமல் கமக்கட்டிலிருந்து அகன்று இறங்கும் ஏ-லைன் வெட்டுக்கு மாறுங்கள்.

அளவு எடுக்கும்போது நின்று ஒரு தடவை, கதிரையில் இருந்து ஒரு தடவை எடுங்கள். இருந்தால் சுற்றளவு கூடும். நம்மூர்ப் பெண்களுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் சைக்கிளும் ஸ்கூட்டியும்தான் நமக்குக் கால். காரில் போய் இறங்குகிறவர்களுக்கு வரைந்த உடுப்பு, கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்றுக்கு என்ன செய்யும் என்று வரைந்தவருக்குத் தெரியாது. நீளக் குர்தா என்றால் திறப்பு இரண்டு பக்கமும் வேண்டும். ஏ-லைன் என்றால் முன்னால் இழுத்துத் தொடைக்குக் கீழே செருக அகலம் வேண்டும். பின்சில்லில் துணி மாட்டுகிற ஆபத்து துப்பட்டாவுக்குத்தான் அதிகம். அழகைவிட அதை முதலில் பாருங்கள்: இரண்டு முனையையும் பின்னால் முடிந்துவிட்டு ஏறுங்கள்.

“என்ன மகள், விசேஷமா?”

கோயில் வீதியில் யாரோ ஒரு மாமி இப்படிக் கேட்டபின் நேரே என்னிடம் வந்தவர்கள் உண்டு. மாமியைத் திருத்த என்னிடம் நூல் இல்லை. உடுப்பைப் பார்க்கலாம்.

அநேகமாக மார்புக்குக் கீழே ஒரு பட்டி, அதிலிருந்து சுருக்கு வைத்து இறங்கும் உடுப்பாக இருக்கும். வயிற்றை மறைக்கும் என்று வாங்குவது. மார்பின் முனையிலிருந்து துணி நேரே தொங்கும்போது, வயிறு எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியாததைக் கண் பெரிதாகவே கணக்குப் போடும். சுருக்கு கூடினால் கூடாரமும் பெரிது.

சுருக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் தட்டையான மடிப்பு வையுங்கள், அல்லது சுருக்கைப் பக்கங்களுக்குத் தள்ளி நடுப்பகுதியைச் சமமாக விடுங்கள். துணி தொய்வாக இருக்கட்டும், ஒட்டுகிற மாதிரி மெல்லியதாக இருக்கக் கூடாது. ரெயோன் நல்லது, பனியன் துணி வேண்டாம். பெல்ட் கட்டுவதானால் வயிற்றின் நடுவில் கட்டாமல், விலாவுக்குக் கீழே ஒடுங்கும் இடத்தில். குர்தா, வயிற்றுக்குக் கீழே உடனே முடியாமல் தொடையின் நடுவையாவது தாண்டட்டும். உடுப்பு முடிகிற கோட்டில்தான் கண் போய் நிற்கும். இடுப்பின் அகலமான இடத்தில் முடித்தால் அகலம், கெண்டைக்காலின் தடித்த இடத்தில் முடித்தால் தடிப்பு.

மெலிந்தவர்களுக்கும் கட்டையானவர்களுக்கும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் குறை லேசானது. உடுப்பு ஹேங்கரில் தொங்குவதுபோல இருந்தால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி நிரப்பப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். தோளுக்குச் சரியாக, கொஞ்சம் விறைப்பான காட்டனில், முக்கால் கை வைத்துத் தையுங்கள். கட்டையானவர்கள் குர்தாவின் நீளத்தை முழங்காலுக்குச் சற்று மேலோ, கணுக்காலுக்குக் கிட்டவோ வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் ஆளைப் பாதியாக வெட்டும். குர்தாவும் காற்சட்டையும் ஒரே நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

“கைத்தறிச் சாறி உடுத்தால் ஊதிப்போய் நிற்கிறேன்”

மருதமுனைக் கைத்தறிச் சாறியை ஆசையாக வாங்கி, ஒரு நாள் உடுத்து, அலமாரிக்குள் வைத்துவிட்டவர்கள் எத்தனை பேர்! அந்தச் சாறியில் பிழை இல்லை. புதுக் கைத்தறியில் நூலோடு பசை இருக்கும். விறைப்பாக நின்று, உடம்பை விட்டு விலகி வெளிக்கோடு போடும். இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசி நிழலில் காயவிட்டால் அடங்கும். முதல் தடவை தனியாக அலசுங்கள், நிறம் கொஞ்சம் இறங்கக்கூடும். கஞ்சி போடுகிற பழக்கம் இருந்தால் இந்தச் சாறிக்கு வேண்டாம்.

அடுத்தது உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாடா போட்டு இறுக்கும் அகலமான உட்பாவாடை, இடுப்பைச் சுற்றிச் சுருக்கெல்லாம் கூட்டி வைக்கும். அதன் மேல் ஐந்தரை மீட்டர் தடித்த துணி. ஊதாமல் என்ன செய்யும்? இடுப்பில் சுருக்கில்லாமல் ஏ-லைனாக வெட்டி, பக்கத்தில் கொளுக்கி வைத்த உட்பாவாடை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே இரண்டு சுற்றுக் குறைந்த மாதிரித் தெரியும்.

கொய்யகத்தைத் தடித்த சாறிக்கு ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். மெல்லிய சாறிக்கு வைக்கிற அளவைவிட ஒவ்வொன்றையும் கொஞ்சம் அகலமாக எடுங்கள். முதல் நாள் இரவே மடித்து ஸ்திரிக்கை போட்டு வைத்தால் காலையில் அடம்பிடிக்காது. செருகும்போது கொய்யகம் தொப்புளுக்கு நேரே குவியாமல், ஓரங்குலம் இடப்பக்கம் போகட்டும். தலைப்பு மடிப்புகளைத் தோளில் ஒடுக்கமாகப் பிடித்து, மார்பில் விசிறியாக விரியவிடாமல் ஒரே சரிவாக இறக்குங்கள். அந்தச் சரிவுக் கோடு, குட்டையான ஆளையும் அகலமான ஆளையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும்.

பெரிய கரை பற்றியும் கேட்பார்கள். உயரம் குறைந்தவர் ஒரு சாண் கரை உடுத்தினால் கால் பாதி கரையோடு போய்விடும். நாலு விரல் அகலத்துக்குள் எடுங்கள். ஆனால் அம்மாவின் கூறைச் சாறி என்றால் கரையை அளந்து பார்க்காதீர்கள், உடுத்துங்கள்.

“காலோடு ஒட்டுகிறது, வேர்வை தெரிகிறது”

நம்மூரில் இரண்டு வேறு ஒட்டல் உண்டு. கடல் ஈரத்தோடு புழுங்கும் நாளில் ஒட்டுவது வேர்வையால். மேற்கே மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று, கொறிக்கிற கச்சானைச் சொல்லவில்லை, அது அடித்து எல்லாம் வறளும் நாளில் பொலியெஸ்டர் சாறி காலைக் கவ்விப் பிடித்தால் அது மின்னேற்றம். முன்னதற்குத் துணியை மாற்ற வேண்டும்: காட்டன், ரெயோன், லினன். பின்னதற்குச் சாறியை மாற்ற வேண்டியதில்லை. பொலியெஸ்டருக்கு உள்ளே பொலியெஸ்டர் உட்பாவாடை கட்டுவதை நிறுத்தி, காட்டன் கட்டுங்கள். காலில் கொஞ்சம் கிரீம் பூசினாலும் குறையும்.

கமக்கட்டில் வேர்வை வட்டம் தெரிவது நடுத்தர நிறங்களில்தான்: சாம்பல், வெளிர் நீலம், பிஸ்தாப் பச்சை. வெள்ளை, கறுப்பு, கடும் நீலம், சின்னப் பூப்போட்ட துணி எல்லாம் காட்டிக் கொடுக்காது. பட்டு பிளவுசுக்குக் காட்டன் லைனிங் இல்லாமல் தைக்க நான் சம்மதிப்பதில்லை.

“அபாயா போட்டால் கூடாரம்”

காத்தான்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் வரும் தங்கச்சிமார் கேட்பது. இறுக்காமல், அதே சமயம் ஆள் தொலைந்துபோகாமல் வேண்டும். நியாயமான ஆசை. இங்கே தோள்தான் எல்லாம். ரெடிமேட் அபாயா பலதிலும் தோள் கையில் விழுந்து கிடக்கும். தோளை மட்டும் எலும்பில் கொண்டுவந்து நிறுத்துங்கள், கீழே எவ்வளவு அகலமும் இருக்கட்டும். மேலே சரியாகப் பிடித்து நிற்கும் துணி, கீழே அகலமாக விழுந்தாலும் ஒழுங்காகத் தெரியும். முன்னால் கழுத்திலிருந்து நிலம்வரை ஓடும் ஒரு நேர்த்தையல் அல்லது தெறி வரிசை உயரம் காட்டும். துணி: நிடா அல்லது கிரேப். பளபளக்கிற சாட்டின் வெயிலில் ஒவ்வொரு மேட்டையும் படம் பிடித்துக் காட்டும். கல்யாண வீட்டில் பிளாஷ் அடித்தால் இன்னும் மோசம். இது சாறிக்கும் சேர்த்துத்தான்.

கோடு, நிறம்: சொல்வழக்கில் இருக்கும் பிழைகள்

குறுக்குக் கோடு போட்டால் தடிப்பாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரே அளவான இரண்டு சதுரங்களைக் கோடுகளால் நிரப்பிக் காட்டினார். குறுக்குக் கோடு போட்ட சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். உடம்பு தட்டையான சதுரமில்லை, அதனால் அவர் சொன்னதை அப்படியே உடுப்பில் பூட்ட முடியாது. ஆனால் பயந்து ஒதுக்கவும் தேவையில்லை. எனக்குத் தெரிந்தவரை பிரச்சினை கோட்டின் திசையைவிட அகலத்தில் இருக்கிறது. இரண்டு விரல் அகலப் பட்டை, மார்பிலும் வயிற்றிலும் வளைந்து வளைவைக் காட்டும். மெல்லிய கோடு காட்டாது.

கறுப்பு மெலிவாகக் காட்டும் என்பது ஓரளவு சரி, நிழலும் மடிப்பும் அதில் தெரியாது. “கறுத்த பிள்ளைக்கு இந்த நிறம் எடுபடாது” என்பது மட்டும் வீண் கதை. மஞ்சளும் கிளிப்பச்சையும் நம் தோலில் எரிவதுபோல வேறு எங்கே எரியும்? நிறத்தைக் கடை டியூப் லைட்டில் முடிவு செய்யாமல், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பாருங்கள். கடைக்காரர் பின்னாலேயே வருவார், வரட்டும்.

“தோய்த்தபின் தான் கெட்டது”

இரண்டு விதம். சுருங்கியிருந்தால் தைக்குமுன் துணியை ஊறவைக்கவில்லை. காட்டனும் ரெயோனும் தையலுக்குக் கொடுக்குமுன் ஓர் இரவு தண்ணீரில் கிடந்து, காய்ந்து, ஸ்திரிக்கை போட்டு வர வேண்டும். லைனிங்கையும் சேர்த்து ஊறவையுங்கள். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் பிளவுஸ் முழுக்கச் சிறு சிறு கொப்புளமாக நிற்கும்.

பக்கத் தையல் முறுகி முன்னுக்கு வந்திருந்தால் துணியை இழைக்கு நேரே வைத்து வெட்டவில்லை. துணியைச் சிக்கனம் பிடிக்கச் சரித்து வெட்டுவதால் வருவது. இதற்கு வைத்தியம் இல்லை. என்னிடம் கொண்டுவந்தால் காசு வாங்காமல் திருப்பி அனுப்புவேன்.

திருத்த முடியாமல் போனது எனக்கும் உண்டு. முதல் வருடம் ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு மயில்நீலத்தில் ஒரு நீளச் சட்டை. முன்துண்டை வெட்டும்போது துணி இரட்டையாக மடிந்திருப்பதைக் கவனிக்கவில்லை, கழுத்து இரண்டு அங்குலம் இறங்கிப் போச்சு. விடியும்வரை பிரித்தேன், தைத்தேன், சரிவரவில்லை. கடைசியில் வெட்டி மிஞ்சிய துணியில் ஒரு விரல் அகலப் பட்டி வெட்டி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தேன். உண்மையையும் சொன்னேன். அவள் போட்டுப் பார்த்தாள், இரண்டு கையையும் தூக்கினாள், கதிரையில் இருந்தாள். பிறகு தங்கச்சிக்கும் அதே மாதிரிக் கழுத்து வைத்து ஒன்று தைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.